ஆனந்த் – கார்ல்சன், சென்னை 2013, 4வது கேம்: அந்த டிராவும் பெர்லின் ஓப்பனிங்கும் (அடிக்கடி வர்ற கேள்விகள்)

சனிக்கிழமை சாயங்காலம் எங்க குடியிருப்புல ஒரு பத்து பதினஞ்சு பசங்களுக்கு செஸ் சொல்லித் தர்றேன். புதுசா யார் வந்தாலும், காய் நகர்த்தவும் கொஞ்சம் எண்ட்கேமும் (காய் குறைஞ்ச கடைசிக் கட்ட ஆட்டம்) பழகினதும், நான் முதல்ல ஓட்டிக் காட்டற பெரிய கேம் இதுதான். ஒவ்வொரு தடவையும் பசங்களும் அவங்கள கூட்டிட்டுப் போக வர்ற அப்பா அம்மாவும் அதே கேள்விங்கள கேக்கறாங்க, அதனால எல்லாத்தையும் ஒரே இடத்துல எழுதி வெச்சுட்டேன்.

எந்த கேம் இது? அப்போ மேட்ச் எந்த நிலைமைல இருந்துச்சு?

2013 நவம்பர் 13, சென்னை தேனாம்பேட்டை ஹயாத் ரீஜென்ஸி ஹோட்டல், உலக சாம்பியன்ஷிப் மேட்ச்ல நாலாவது கேம். விஸ்வநாதன் ஆனந்த் வெள்ளை, மேக்னஸ் கார்ல்சன் கறுப்பு. ஆனந்துக்கு 43 வயசு, நடப்பு சாம்பியன், சொந்த ஊர்ல ஆடறாரு. கார்ல்சனுக்கு 22 முடிஞ்சு 23 நடக்குது, அந்த மாசம் 30ம் தேதிதான் பிறந்தநாள். மொத்தம் 12 கேம்னு திட்டம். முதல் கேம் 16 மூவ்ல டிரா, ரெண்டாவது 25 மூவ்ல டிரா, மூணாவது கொஞ்சம் சண்டை வந்து 51 மூவ் போய் டிரா. ஆக ஒன்றரை – ஒன்றரை. அடுத்து வந்தது இந்த 64 மூவ் கேம், இதுவும் டிராதான்.

ஜெயிச்ச கேம் எத்தனையோ இருக்கு, டிரா ஆனதை ஏன் சின்னப் பசங்களுக்குக் காட்டறீங்க?

இந்தக் கேள்வியைத்தான் அதிகமா கேக்கறாங்க, பெரியவங்கதான் கேக்கறாங்க, பசங்க கேக்கறதில்ல. கிரிக்கெட்ல மழை வந்து ஆட்டம் நின்னு போனா "டிரா"ன்னு சொல்லி எழுந்து போறோம் பாருங்க, அந்த நினைப்புதான் செஸ்ஸுக்கும் வருது, ஒண்ணுமே நடக்கலைன்னு. இந்த கேமை போர்டுல ஓட்டிப் பாத்தீங்கன்னா தெரியும், கறுப்போட ஒரு பிஷப் எதிராளி வீட்டுக்குள்ள போய் ஒரு சிப்பாயை எடுத்துட்டு மாட்டிக்காம சுத்தி வந்து தான் பிறந்த கட்டத்துலயே உக்காருது, வெள்ளை ராஜா ஜி1ல இருந்து கிளம்பி நாலு யானையும் இருக்கற போர்டுல நடுக்கட்டத்துக்கே நடந்து வருது, வெள்ளையோட ஒரு சிப்பாய் ராணி ஆக ஒரே ஒரு அடி மிச்சம்னு நின்னு நின்னு கடைசில போயிடுது. இவ்வளவும் நடந்தப்புறம் ரெண்டு பேர்கிட்டயும் ஜெயிக்கறதுக்கு ஒண்ணும் மிச்சம் இல்ல, அதான் டிரா. ரெண்டு பேரும் இருந்தது எல்லாத்தையும் செலவு பண்ணி வந்த டிரா வேற, கை குலுக்கிட்டுப் போற டிரா வேற. ஸ்கோர் ஷீட்ல ரெண்டுக்கும் ஒரே அரைப் புள்ளிதான், அந்த வித்தியாசத்தை பசங்க கண்ணால பாக்கணும்னுதான் இதைக் காட்டறேன்.

இ4, டி8னு நீங்க எழுதறது எப்படி படிக்கறது?

வெள்ளை பக்கம் உக்காந்தா இடதுல இருந்து வலதுக்கு ஏ, பி, சி, டி, இ, எஃப், ஜி, ஹெச். கீழ இருந்து மேல 1 முதல் 8. காய் பேரு ஊருக்கு ஊர் மாறுது, நான் ராஜா, ராணி, யானை, பிஷப், குதிரை, சிப்பாய்னு சொல்றேன், யானைன்னா மூலைல நிக்கற ரூக், பிஷப்பை உங்க வீட்ல மந்திரின்னு சொன்னா அப்படியே வெச்சுக்கோங்க.

பெர்லின் ஓப்பனிங்னா என்ன? முதல் மூவ்ல இருந்து சொல்லுங்க.

வெள்ளை சிப்பாய் இ4, கறுப்பு சிப்பாய் இ5. வெள்ளை குதிரை எஃப்3 வந்து இ5ஐ மிரட்டுது, கறுப்பு குதிரை சி6 வந்து காப்பாத்துது. மூணாவது மூவ்ல வெள்ளை பிஷப் பி5. இது வரைக்கும் ரூய் லோபஸ், ஸ்பானிஷ்னும் சொல்வாங்க, 16ம் நூற்றாண்டு ஸ்பெயின் பாதிரியார் ஒருத்தர் பேரு அது. இங்க பெரும்பாலானவங்க ஏ6 தள்ளி பிஷப்பை "நீ என்ன பண்ணப் போற"ன்னு கேப்பாங்க. பெர்லின்ல அது கிடையாது, கறுப்பு நேரா இன்னொரு குதிரையை எஃப்6ல எடுத்து வைக்குது, அதாவது இ4 சிப்பாயை நானும் மிரட்டறேன்னு பதில் சொல்லுது.

வெள்ளை காசில் பண்ணுது (ராஜா ஓரமா ஒதுங்க, யானை அதைத் தாண்டி பக்கத்துல வர்ற மூவ்). கறுப்பு குதிரை இ4 சிப்பாயை வெட்டுது. வெள்ளை டி4 தள்ளுது. குதிரை டி6க்கு பின்வாங்கி பி5 பிஷப்பை மிரட்டுது. வெள்ளை பிஷப் சி6 குதிரையை வெட்ட, கறுப்பு டி சிப்பாயால திருப்பி வெட்டுது. வெள்ளை டி சிப்பாய் இ5ஐ வெட்டி குதிரையை விரட்டுது, குதிரை எஃப்5 போகுது. எட்டாவது மூவ், வெள்ளை ராணி டி8ல ராணியை வெட்டி செக், கறுப்பு ராஜாவே வெட்டணும், வேற வழி இல்ல.

எட்டே மூவ். ரெண்டு ராணியும் பெட்டிக்குள்ள போயாச்சு, கறுப்பு ராஜா நடு போர்டுல டி8ல நிக்குது, இனிமே அதுக்கு காசிலே கிடையாது. உலக சாம்பியன்ஷிப்ல கார்ல்சன் தெரிஞ்சே வந்து உக்காந்த பொசிஷன் இது.

ராஜா இப்படி திறந்து கிடக்கு, சி லைன்ல ரெட்டை சிப்பாய் வேற. கறுப்புக்கு இதுல என்ன லாபம்?

இந்தக் கேள்வி கேட்ட பொண்ணுக்கு அப்போ ஒன்பது வயசு, சரியான இடத்துல கைய வெச்சா.

முதல் விஷயம், ராணி இல்லாதப்போ நடுவுல நிக்கற ராஜா அவ்வளவு ஆபத்து இல்ல, மேட் பண்ண ஆள் பத்தாது. ரெண்டாவது, கறுப்புகிட்ட ரெண்டு பிஷப்பும் இருக்கு, வெள்ளைகிட்ட ஒண்ணுதான், அதுவும் கறுப்புக் கட்டத்துல ஓடறது. வெள்ளை சிப்பாய் இ5 வரைக்கும் போயிட்டதால அதைச் சுத்தி இருக்கற வெள்ளைக் கட்டங்கள் எல்லாம் கறுப்பு காய்ங்களுக்கு உக்கார நல்ல இடம், குதிரை எஃப்5ல நிக்குது பாருங்க, அதை விரட்டணும்னா வெள்ளை ஜி4 தள்ளணும், தள்ளினா தன் ராஜா முன்னாடி இருக்கற சுவர் போயிடும்.

வெள்ளைக்கும் பெரிய லாபம் ஒண்ணு இருக்கு, இதைப் புரிஞ்சுக்கிட்டா மீதி கேமும் புரிஞ்சுடும். ராஜா பக்கம் வெள்ளைக்கு இ, எஃப், ஜி, ஹெச்னு நாலு சிப்பாய், கறுப்புக்கு மூணு. ராணி பக்கம் கறுப்புக்கு நாலு, வெள்ளைக்கு மூணு, ஆனா கறுப்பு நாலுல ரெண்டு ஒரே லைன்ல ஒண்ணு பின்னாடி ஒண்ணு, அதனால அங்க இருந்து தாண்டிப் போற சிப்பாயை (தடுக்க எதிர் சிப்பாய் இல்லாம ராணி ஆக ஓடறது) உருவாக்கறது ரொம்ப கஷ்டம். அப்போ எல்லா காயும் மாறி ராஜாவும் சிப்பாயும் மட்டும் மிச்சம் இருந்தா பொதுவா வெள்ளை ஜெயிக்கும். அதனால வெள்ளை காயை மாத்தப் பாக்கும், கறுப்பு வெச்சுக்கப் பாக்கும். ராணி இல்லாத விறகுக் கட்டை பொசிஷன் மாதிரி தெரியும், ஆனா ஒவ்வொரு காய் மாத்தறதும் அங்க ஒரு பெரிய முடிவு.

பெர்லின் சுவர்னு சொல்றாங்களே, அது எதுக்கு?

பெர்லின்னு பேரு 19ம் நூற்றாண்டுல அந்த ஊர் ஆட்டக்காரங்க இதை ஆராய்ச்சி பண்ணதால வந்தது, பழைய உலக சாம்பியன் லாஸ்கர் காலத்துலயும் ஆடிருக்காங்க, அப்புறம் ரொம்ப நாள் இது ஓரமா கிடந்துச்சு. சுவர் வந்தது 2000ல. லண்டன்ல காஸ்பரோவ் – கிராம்னிக் உலக சாம்பியன்ஷிப் மேட்ச். 1985ல இருந்து காஸ்பரோவ்தான் சாம்பியன், வெள்ளைல இ4 ஆடினா எதிர்ல இருக்கறவங்க பாடு திண்டாட்டம். கிராம்னிக் 1, 3, 9, 13னு நாலு கேம்ல பெர்லின் வெச்சாரு, நாலுமே டிரா, முதல் கேம் 25 மூவ்லயே. காஸ்பரோவால அந்த மேட்ச்ல ஒரு கேம் கூட ஜெயிக்க முடியல, கிராம்னிக் எட்டரை – ஆறரைன்னு பட்டத்தை எடுத்துட்டுப் போயிட்டாரு. அவர் ஜெயிச்ச ரெண்டு கேமும் வெள்ளைல வந்தது, ஆனா கறுப்புல அந்த நாலு டிரா இல்லைன்னா அந்த ரெண்டு வெற்றிக்கு மதிப்பே வந்திருக்காது. ஒரு டிரா எவ்வளவு பெரிய ஆயுதம்னு காட்டின மேட்ச் அது.

அப்போ பெர்லின்னாலே டிரா பண்றதுக்குத்தானா?

அப்படி ஒரு பாதை நிஜமாவே இருக்கு, மறைக்க வேண்டியதில்ல. ஆறாவது மூவ்ல வெள்ளை குதிரையை வெட்டாம இ5 சிப்பாயை வெட்டினா, கறுப்பு குதிரை பி5 பிஷப்பை வெட்டும், வெள்ளை ஏ4, குதிரை பி5ல இருந்து டி4, வெள்ளை குதிரை அதை வெட்டும், கறுப்பு டி5, இ சிப்பாய் அதை போற வழில (ரெண்டு அடி வெச்ச சிப்பாயை ஒரு அடி வெச்ச மாதிரி வெட்டற விதி) டி6ல வெட்டும், கறுப்பு குதிரை டி4ஐ வெட்ட ராணி திருப்பி வெட்டும், கறுப்பு ராணி டி6ஐ வெட்டும், அதுக்கப்புறம் வெள்ளை ராணி இ4ல செக், கறுப்பு ராணி இ6, வெள்ளை ராணி டி4, கறுப்பு ராணி டி6, மறுபடி இ4, மறுபடி இ6. ஒரே பொசிஷன் மூணு தடவை வந்து 14 மூவ்ல முடிஞ்சுடும். கிராண்ட்மாஸ்டருங்க ரெண்டு பேருக்கும் அன்னிக்கு ஆட இஷ்டம் இல்லைன்னா இதைப் போட்டுட்டு போயிடுவாங்க, எனக்கு அதைப் பாத்தா மனசு வலிக்கும், சத்தியமா. ஆனா கத்தியை வெச்சு காய் நறுக்காம சும்மா மேசைல வெச்சுட்டுப் போனா அது கத்தியோட தப்பு இல்லையே. அதே ஓப்பனிங்ல இருந்து வந்ததுதான் இந்த 64 மூவும்.

9ல இருந்து 17 வரைக்கும் என்ன நடந்துச்சு?

வேகமா சொல்லிடறேன். ஆனந்த் ஹெச்3 (பின்னாடி ஜி4க்கு வசதி), கார்ல்சன் பிஷப் டி7. யானை டி1, பிஷப் இ7. குதிரை சி3, ராஜா சி8. இங்க ஆனந்த் பிஷப்பை ஜி5 கொண்டு போய் இ7ல இருந்த கறுப்பு பிஷப்போட மாத்திட்டாரு, மேல சொன்னேனே, வெள்ளை காயை மாத்தப் பாக்கும்னு, கறுப்போட பிஷப் ஜோடி உடைஞ்சுது. அப்புறம் வெள்ளை ரெண்டு யானையும் டி லைன்ல. கார்ல்சன் சி5, பிஷப் இ6, குதிரை ஜி6, பி6. வெள்ளையோட இன்னொரு குதிரை இ1 வழியா டி3 வந்து இ5 சிப்பாய்க்கு காவல் நிக்குது. அமைதியா இருந்துச்சு. 18வது மூவ் வரைக்கும்.

18வது மூவ்ல கார்ல்சன் ஏ2 சிப்பாயை எடுத்தாரே, அந்த பிஷப் மாட்டிக்காதா?

இதைப் பாத்ததும் எல்லாருக்கும் வயிறு பகீர்ங்கும். சி3ல இருந்த வெள்ளை குதிரைதான் ஏ2வுக்குக் காவல். ஆனந்த் அதை இ2வுக்கு நகர்த்தினாரு, உடனே கார்ல்சன் இ6 பிஷப்பால ஏ2வை வெட்டிட்டாரு. நாம செஸ் கத்துக்கும்போது முதல் வாரமே சொல்லித் தருவாங்க, மூலைல இருக்கற சிப்பாயை பிஷப்பால எடுக்காதே, பக்கத்து சிப்பாய் ஒரு அடி வெச்சா கதவு சாத்திடும்னு. ஆனந்த் அதையேதான் பண்ணாரு, பி3. கதவு சாத்தியாச்சு. இப்போ ஒரு குதிரையோ யானையோ வந்து ஏ2வைத் தொட்டா பிஷப் போச்சு.

கார்ல்சன் பதில் சி4. அந்தச் சிப்பாய் ஒரே நேரத்துல பி3யையும் டி3 குதிரையையும் மிரட்டுது. ஆனந்த் குதிரையை டி3ல இருந்து சி1க்கு எடுத்து பிஷப்பைத் தொட்டாரு, கறுப்பு சிப்பாய் பி3ஐ வெட்ட, வெள்ளை சி சிப்பாய் திருப்பி வெட்டுது, சி லைன் திறந்துடுச்சு, பிஷப் பி1ல போய் உக்காந்துடுச்சு! டி1ல வெள்ளை யானை இருக்கு, ஆனா நடுவுல சி1ல தன்னோட குதிரையே மறைச்சு நிக்குது, அதனால வெட்ட முடியாது. அந்த ஒரு கட்டத்தை கார்ல்சன் 18வது மூவ்லயே பாத்திருக்கணும். அப்புறம் பிஷப் பி1ல இருந்து எஃப்5, அங்க இருந்து சி8.

சி8ங்கறது அந்த பிஷப் ஆட்ட ஆரம்பத்துல நின்ன கட்டம். டி7, இ6, ஏ2, பி1, எஃப்5, சி8, சிப்பாயைக் கையில பிடிச்சுக்கிட்டு ஒரு பெரிய சுத்து சுத்தி வீட்டுக்கு வந்துடுச்சு. பசங்க கையால அதை நகர்த்திப் பாக்கும்போது எப்பவுமே சிரிச்சுடுவாங்க.

பாபி ஃபிஷர் இதே மாதிரி பண்ணி தோத்தாரே?

ஆமா, 1972, ரெய்க்யவிக், ஸ்பாஸ்கியோட முதல் கேம். அதுல 29வது மூவ்ல ஃபிஷர் ஹெச்2 சிப்பாயை பிஷப்பால எடுத்தாரு, ஸ்பாஸ்கி ஜி3 தள்ளி அடைச்சாரு, பிஷப்புக்கு ரெண்டு சிப்பாய்தான் கெடச்சுது, கேம் போச்சு. ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல ஓட்டிப் பாருங்க, தோற்றம் ஒண்ணு, ஆனா ஃபிஷருக்கு பின்கதவு இல்ல, கார்ல்சனுக்கு பி1ங்கற பின்கதவு இருந்துச்சு.

ஒரு சிப்பாயை விட்டுட்டு ஆனந்துக்கு என்ன கெடச்சுது?

நேரம். கறுப்பு பிஷப் ஊர் சுத்தி வர்றப்போ ஆனந்த் ஒவ்வொரு மூவும் அதைத் தட்டித் தட்டியே தன் வேலையைப் பாத்துக்கிட்டாரு. எஃப்4 தள்ளினாரு. குதிரை சி3 வந்து பி1 பிஷப்பைத் தொட்டுச்சு. ஜி4 தள்ளி எஃப்5 பிஷப்பைத் தொட்டாரு. 26வது மூவ்ல எஃப்5 தள்ளி ஜி6 குதிரையை விரட்டினாரு. அந்த நாலுக்கு மூணு சிப்பாய்க் கணக்கு இருக்கு பாருங்க, அது நடக்க ஆரம்பிச்சுடுச்சு. இன்னொரு பக்கம் ஒரு குதிரை பி5ல, ரெண்டு யானையும் சி லைன்ல, கறுப்பு ராஜா பி7ல நிக்க அதுக்குப் பக்கத்துல சி7 சிப்பாய் மேல அழுத்தம்.

33வது மூவ் இ6. நான் இங்க நிறுத்தி பசங்களை கேப்பேன், என்ன ஆடுவீங்கன்னு. நிறைய பேர் ஜி4 சிப்பாயைக் காப்பாத்தணும்னு சொல்வாங்க, சரிதான், கறுப்பு யானை ஹெச்4ல அதைப் பாத்துட்டேதான் நிக்குது. ஆனந்த் சிப்பாய்களை மாத்திட்டு ஒரு சிப்பாயை இ6ல நட்டுட்டாரு, கறுப்பு பிஷப் இ8ல ஒதுங்குது, அடுத்து 35வது மூவ் குதிரை எஃப்2ல இருந்து இ4. இதுதான் எனக்கு இந்த கேம்லயே ரொம்பப் பிடிச்ச மூவ். ஜி4 சிப்பாய்க்கு எஃப்2 குதிரையும் சி4 யானையும்தான் காவல், இந்த ஒரே மூவ்ல குதிரையும் போயிடுது, யானையோட பார்வையையும் அதே குதிரை மறைச்சுடுது. எடுத்துக்கோன்னு விட்டுட்டாரு, அதுவும் செக்கோட எடுக்கற மாதிரி. குதிரைக்கு கண்ணு எஃப்6 மேல, அங்க போனா இ8 பிஷப்பைத் தொடும்.

கார்ல்சன் எடுத்தாரு. அந்த நிமிஷம் கறுப்புக்கு ஏ5, பி6, சி7, ஜி6னு நாலு சிப்பாய், வெள்ளைக்கு பி3, இ6 ரெண்டே ரெண்டு. உலகப் பட்டத்துக்கு ஆடற மேட்ச்ல, சொந்த ஊர்ல, ரெண்டு சிப்பாய் கம்மியா நின்னு ஆனந்த் ராஜாவை நடக்க விடறாரு. எஃப்2, இ3. பி5 குதிரையை டி4ல கொண்டு வந்து வைக்கறாரு, கறுப்பு அதை வெட்டுது, அவர் உடனே திருப்பி வெட்டாம முதல்ல யானையால சி7ஐ வெட்டி செக், கறுப்பு ராஜா ஏ6க்கு ஓடினப்புறம்தான் 40வது மூவ்ல ராஜாவாலயே டி4 குதிரையை வெட்டறாரு. முதல் 40 மூவுக்கு ரெண்டு மணி நேரம்ங்கறது விதி, அந்தக் கெடு வர்ற கடைசி மூவ்ல வெள்ளை ராஜா போர்டோட நடு மையத்துல நிக்குது.

இ7 வரைக்கும் வந்த சிப்பாய் ஏன் ராணி ஆகல?

45வது மூவ்ல வெள்ளை யானை இ8ல அந்த பிஷப்பை வெட்டிடுச்சு (ஊரெல்லாம் சுத்தின பிஷப், கடைசில தன் வீட்டுல இருந்து ரெண்டு கட்டம் தள்ளிப் போச்சு), கறுப்பு யானை இ4ல குதிரையை வெட்டுச்சு. சிப்பாய் இ7 வந்துச்சு, ஆனா இ8ல நிக்கறது தன்னோட யானைதான், வழியை மறைச்சுட்டு. அது விலகினா சிப்பாய்க்கு காவல் போயிடும், வேற காவல் வெச்சுட்டு விலகினாலும் கார்ல்சன் ரெண்டு யானையையும் இ லைன்ல பின்னாடி ஒண்ணு மேல ஒண்ணா நிறுத்திட்டாரு, ராணி ஆன அடுத்த நொடியே வெட்டு விழும். ஆனந்தோட ராஜா இந்தப் பக்கம் ஏ2, ஏ3னு ஒதுங்கி செக்குல இருந்து தப்பிச்சுக்கிட்டே இருக்கு, கறுப்போட ஜி சிப்பாய் கீழ இறங்கி ஜி4 வரைக்கும் வந்துடுச்சு. கடைசில 58வது மூவ்ல கறுப்பு இ7ஐ எடுத்துச்சு, பதிலுக்கு 61ல வெள்ளை ஜி4ஐ எடுத்துச்சு.

கடைசி பொசிஷன்ல கறுப்புக்கு ஒரு சிப்பாய் அதிகம் இருக்கே, ஏன் நிறுத்திட்டாங்க?

64வது மூவ் முடிஞ்சப்போ வெள்ளைக்கு ராஜா பி3, யானை ஜி4. கறுப்புக்கு ராஜா ஏ6, யானை இ7, சிப்பாய் பி6. யானைக்கு யானை, ஒரு சிப்பாய் அதிகம், ஆனா எதிராளி ராஜா அந்தச் சிப்பாய்க்கு நேர் முன்னாடி வழியை அடைச்சு நிக்குது. இது 18ம் நூற்றாண்டுல பிரெஞ்சுக்காரர் பிலிடோர் காட்டின தற்காப்பு. வெள்ளை யானை மூணாவது வரிசைல குறுக்க நின்னா கறுப்பு ராஜா அந்தக் கோட்டைத் தாண்டி உள்ள வர முடியாது. சரி, சிப்பாயே பி3க்கு வந்து ராஜாவுக்கு இடம் பண்ணிக் குடுக்கட்டும்னு கறுப்பு நினைச்சா, சிப்பாய் வந்த உடனே வெள்ளை யானை எட்டாவது வரிசைக்குப் போய் பின்னாடி இருந்து செக் செக்னு குடுக்கும், ஒளிஞ்சுக்க கறுப்பு ராஜாவுக்கு முன்னாடி சிப்பாய் நிழல் கிடையாது. உலகத்துல இந்தத் தற்காப்பு தெரியாத கிராண்ட்மாஸ்டர் இல்ல. அதான் கை குலுக்கிட்டாங்க.

டிரா ஆகறதுக்கு எத்தனை வழி இருக்கு? இது எந்த வகை?

ரெண்டு பேரும் ஒத்துக்கறது, ஆட மூவே இல்லாம ஸ்டேல்மேட், ஒரே பொசிஷன் மூணு தடவை வர்றது, 50 மூவ் வரைக்கும் யாரும் சிப்பாயும் நகர்த்தாம எதையும் வெட்டாம இருக்கறது, மேட் பண்ணவே காய் பத்தாம போறது. இது முதல் வகை.

அப்புறம் மேட்ச் என்ன ஆச்சு?

அஞ்சும் ஆறும் ஆனந்த் தொடர்ந்து தோத்தாரு. ஆறாவது கேமும் பெர்லின்தான், ஆனா ஆனந்த் இந்த ராணி மாத்தற பாதைக்குப் போகாம நாலாவது மூவ்ல டி3 வெச்சு ஆடினாரு, 67 மூவ் இழுத்து யானை எண்ட்கேம்ல போச்சு. ஒன்பதாவதும் போச்சு, பத்தாவது டிரா. நவம்பர் 22ம் தேதி ஆறரை – மூன்றரைன்னு கார்ல்சன் சாம்பியன். மேட்ச்சை நினைச்சா எல்லாருக்கும் அந்த மூணு தோல்விதான் ஞாபகம் வருது, அதனாலயே நான் இந்த நாலாவது கேமை பிடிச்சுக்கிட்டு இருக்கேன், அதே ஆனந்த் அதே வாரத்துல அதே ஆளுக்கு எதிரா ரெண்டு சிப்பாய் கம்மியா நின்னு காப்பாத்தின கேம் இது, இதையும் ஞாபகம் வெச்சுக்கணும் இல்லையா.

அடுத்த வருஷம் 2014ல சோச்சில மறுபடி ரெண்டு பேரும் மோதினாங்க, அப்போ பெர்லின் ஆனந்த் கைல. ஏழாவது கேம் 122 மூவ், அத்தனை மூவ் தற்காத்து டிரா பண்ணாரு. ஆனா 11வது கேம்லயும் பெர்லின் வெச்சு, ஜெயிக்கணும்னு யானையைக் குடுத்துப் பாத்து, அந்த கேமும் மேட்ச்சும் போச்சு. சுவர்னு பேரு வெச்சதால இடியாதுன்னு அர்த்தம் இல்ல.

குகேஷ் இந்த மேட்ச்சை நேர்ல பாத்தாராமே?

2013 சென்னை மேட்ச்சைப் பாத்துதான், ஒரு நாள் ஆட்டக்காரங்க உக்காந்து ஆடற அந்தக் கண்ணாடி அறைக்குள்ள தானும் உக்காரணும்னு ஆசை வந்ததா அவரே 2024 டிசம்பர்ல சிங்கப்பூர்ல சாம்பியன் ஆனப்போ சொன்னாரு. அப்போ அவருக்கு ஏழு வயசு. எந்தெந்த கேம் பாத்தாருன்னெல்லாம் நான் அளந்து விட மாட்டேன், ஆனா ஊர்ல அப்படி ஒரு மேட்ச் நடந்தா எந்தக் குழந்தை மனசுல என்ன விழும்னு யாருக்குத் தெரியும்.

என் பையன் இப்போதான் டோர்னமென்ட் ஆட ஆரம்பிச்சிருக்கான், பெர்லின் ஆடலாமா?

ஆடலாம், ஆனா ஓப்பனிங் மூவ் எட்டையும் மனப்பாடம் பண்ணிட்டு ஆடக் கூடாது. என் அனுபவத்தையே சொல்றேன், நான் ஒரு ரேட்டிங் டோர்னமென்ட்ல முதல் தடவை கறுப்புல பெர்லின் வெச்சேன், ராணி மாறினதும் சந்தோஷமா உக்காந்தேன், அப்புறம் எதிர்ல இருந்த பள்ளிக்கூடப் பையன் பொறுமையா ஒவ்வொரு காயா மாத்திக்கிட்டே வந்தான், நானும் சரி சரின்னு மாத்தினேன், கடைசில ராஜாவும் சிப்பாயும் மட்டும் மிச்சம் இருந்தப்போதான் அவன் நாலு சிப்பாய் என் மூணைத் தாண்டுதுன்னு புரிஞ்சுது. மேல எழுதின அந்தக் கணக்கு எனக்கு அன்னிக்குத்தான் உடம்புல ஏறுச்சு. அதனால முதல்ல ராஜா சிப்பாய் எண்ட்கேம், அப்புறம் பிலிடோர், அப்புறம் பெர்லின்.

அதோட பையனுக்கு தாக்குற ஆட்டம் பிடிக்கும்னா இப்போதைக்கு விடுங்க, அவன் இ5 வெச்சு ஏ6 வழக்கமான ஸ்பானிஷே ஆடட்டும்.

வீட்ல போர்டுல வெச்சுப் பாக்கணும், எங்க இருந்து ஆரம்பிக்கறது?

17வது மூவ் முடிஞ்ச பொசிஷன்ல இருந்து. வெள்ளை: ராஜா ஜி1, யானை டி1, டி2, குதிரை சி3, டி3, சிப்பாய் ஏ2, பி2, சி2, இ5, எஃப்2, ஜி2, ஹெச்3. கறுப்பு: ராஜா சி8, யானை ஏ8, ஹெச்8, பிஷப் இ6, குதிரை ஜி6, சிப்பாய் ஏ7, பி6, சி7, சி5, எஃப்7, ஜி7, ஹெச்6. வெள்ளை ஆடணும். குதிரையை இ2ல வைங்க, பிஷப்பால ஏ2வை எடுங்க, பி3 தள்ளுங்க, இப்போ எஞ்சினை (மூவ் சொல்ற செஸ் சாஃப்ட்வேர்) ஆன் பண்ணாம கறுப்பு பக்கம் உக்காந்து அந்த பிஷப்பை நீங்களே வெளிய கொண்டு வர முடியுதான்னு பாருங்க. முடிஞ்சா போர்டைத் திருப்பி வெள்ளைல உக்காந்து, ஒரு சிப்பாய் கம்மியா அந்த நாலு சிப்பாயை எப்படி நடக்க வைக்கறதுன்னு பாருங்க. ஒரு சாயங்காலம் போதாது, ரெண்டு சனிக்கிழமை ஒதுக்கிக்கோங்க.